சிறிய ஃபண்டில் இளையவர் சம்பளம்: கட்டணக் கணக்கும் எழுதப்படாத பங்கும்

1976-இல் ஜெரோம் கோல்பெர்க், ஹென்றி க்ராவிஸ், ஜார்ஜ் ராபர்ட்ஸ் என்ற மூவர் நியூயார்க்கின் பேர் ஸ்டெர்ன்ஸ் நிறுவனத்தை விட்டு வெளியேறி கேகேஆரைத் தொடங்கினார்கள். கடன் வாங்கி ஒரு கம்பெனியை விலைக்கு வாங்குவது, சில ஆண்டுகள் அதை நடத்திச் சீர்படுத்துவது, பிறகு கூடுதல் விலைக்கு விற்பது என்ற அந்தத் தொழிலுக்கு இன்று பிரைவேட் ஈக்விட்டி என்று பெயர். மூவரில் மூத்தவரான கோல்பெர்க் 1987-இல் விலகினார். வாங்கும் கம்பெனிகளின் அளவு பெருத்துக்கொண்டே போனது அவருக்கு ஒப்பவில்லை. மகனோடு சேர்ந்து கோல்பெர்க் அண்ட் கம்பெனியைத் தொடங்கி, நடுத்தரக் கம்பெனிகளை வாங்கும் பழைய வழிக்கே திரும்பினார். அடுத்த ஆண்டே கேகேஆர், ஆர்ஜேஆர் நபிஸ்கோவைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

தொழில் இரண்டு தட்டுகளாகப் பிரிந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மேல்தட்டைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன. கீழ்த்தட்டில் இருப்பவை பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஃபண்டுகள். கையில் 10 கோடி, 20 கோடி, 30 கோடி டாலர் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 20 இலட்சம் முதல் 1 கோடி டாலர் வரை ஈட்டும் குடும்பக் கம்பெனிகளை அவை வாங்குகின்றன. குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, கால்நடை மருத்துவமனைகள், பல் மருத்துவக் கிளைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள் என்று போகும் அந்தப் பட்டியல். நிறுவனர் முதுமையடைகிறார், பிள்ளைகளுக்குத் தொழிலில் நாட்டம் இல்லை, அங்கே இந்த ஃபண்ட் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு ஃபண்டில் கடைசி நாற்காலியில் இருக்கும் இளையவருக்கு என்ன கிடைக்கிறது, ஏன் அவ்வளவுதான் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்த இளையவர் யார்? பெரும்பாலும் 23 முதல் 27 வயதுக்குள் இருப்பவர். கல்லூரி முடித்து முதலீட்டு வங்கி ஒன்றில் இரண்டாண்டு அனலிஸ்ட்டாக உழைத்துவிட்டு, அசோசியேட் என்ற பதவிக்கு வருகிறார். ஆகவே அவர் கையில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்டுகள் 13 பேர் தங்களுக்குள் கணக்கெடுத்து, வாரத்துக்கு 95 மணி நேரம் வேலை பார்ப்பதாக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அது வெளியே கசிந்து பெரும் பேச்சானது. அந்த ஆண்டிலேயே பெரிய வங்கிகள் முதலாண்டு அடிப்படைச் சம்பளத்தை 85,000 டாலரிலிருந்து 1,00,000-க்கும், பல இடங்களில் 1,10,000-க்கும் உயர்த்தின. போனஸ் அதற்கு மேல். பெரிய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் இதைத் தாண்டித்தான் கொடுக்கின்றன. சிறிய ஃபண்டுகளோ வங்கி கொடுத்ததையே கொடுக்க முடியாமல் திணறுகின்றன. நியூயார்க்கில் வெளியாகும் வேலை அறிவிப்புகளில் அசோசியேட் அடிப்படைச் சம்பளம் பொதுவாக 1 இலட்சத்துக்கும் 1.5 இலட்சத்துக்கும் இடையே தென்படுகிறது. அந்த வரம்பின் அடிப்பகுதியில் இருப்பவை பெரும்பாலும் சிறிய ஃபண்டுகள்.

வெளியாளுக்கு இவையெல்லாமே பெரிய தொகையாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியரோ செவிலியரோ வாங்குவதைவிட இது அதிகம் என்பது உண்மை. அதை மறந்துவிட்டு இவர்களுக்காக அழ வேண்டியதில்லை. ஆனால் ஊதியம் எந்தக் கணக்கில் தீர்மானிக்கப்படுகிறது என்ற கேள்வி ஏழைக்கும் பணக்காரருக்கும் பொதுவானது. இந்தத் தொழிலில் அந்தக் கணக்கு வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருந்தும் அதை இளையவரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஃபண்டின் வருமானம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பணக்காரக் குடும்பங்கள் ஆகியோர் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையில் ஆண்டுதோறும் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமாக வரும். இது முதல் ஊற்று. கம்பெனிகளை விற்று வந்த லாபத்தில் 20 சதவீதம் நடத்துநர்களுக்கு என்பது இரண்டாவது. தொழிலில் அதைக் கேரி என்கிறார்கள். முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் என்ற குறைந்தபட்ச லாபம் போய்ச் சேர்ந்த பிறகே கேரி தொடங்கும். ஃபண்டின் ஆயுள் வழக்கமாகப் பத்தாண்டு. ஆக மாதாமாதம் சம்பளம் போட உதவுவது முதல் ஊற்று மட்டும்தான். கேரி எப்போது வரும், வருமா என்பதே தெரியாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை, ஆனால் தொழிலின் நடைமுறைக்கு வெளியே போகாதவை. 20 கோடி டாலர் ஃபண்ட். 2 சதவீதக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 40 இலட்சம் டாலர். அலுவலகத்தில் 12 பேர். வாடகை, மருத்துவக் காப்பீடு, தொழில் காப்பீடு, பயணம், தரவுத்தளச் சந்தா, சட்ட இணக்க ஆலோசகர், முதலாளி செலுத்த வேண்டிய ஊதிய வரி எல்லாம் சேர்த்து 12 இலட்சம் போனால் மிச்சம் 28 இலட்சம். பார்ட்னர்கள் மூவர், ஆளுக்கு 4.5 இலட்சம் எடுக்கிறார்கள், மொத்தம் 13.5 இலட்சம். மீதி 14.5 இலட்சத்தில் ஒன்பது பேர். பிரின்சிபல் ஒருவருக்கு 3 இலட்சம், வைஸ் பிரசிடென்ட் இருவருக்கு ஆளுக்கு 2 இலட்சம். நிதி அதிகாரி, கணக்காளர், அலுவலக நிர்வாகி மூவருக்கும் சேர்த்து 4 இலட்சம். எஞ்சுவது 3.5 இலட்சம். இரண்டு அசோசியேட்டுகளுக்கு ஆளுக்கு 1.25 இலட்சம், ஓர் அனலிஸ்ட்டுக்கு 1 இலட்சம் கொடுத்தால் பெட்டி காலி. அந்த 1.25 இலட்சத்தில் போனஸும் அடக்கம். வங்கியில் இரண்டாண்டு முடித்தவர் இங்கே வந்தால், பதவி உயர்ந்து சம்பளம் இறங்கிவிடுகிறது.

பக்கத்தில் 1,000 கோடி டாலர் ஃபண்டை வைத்துப் பாருங்கள். பெரிய ஃபண்டுகள் கட்டண விகிதத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வதுண்டு. 1.5 சதவீதம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 15 கோடி டாலர். அங்கே 120 பேர் வேலை பார்த்தால் தலைக்கு 12.5 இலட்சம். நம்முடைய சிறிய ஃபண்டில் தலைக்கு 3.3 இலட்சம். ஃபண்டின் அளவு ஐம்பது மடங்கு பெருகியும் ஆட்கள் பத்து மடங்குதான் பெருகியிருக்கிறார்கள். ஏனென்றால் 100 கோடி டாலர் கம்பெனியை வாங்குவதற்கும் 2 கோடி டாலர் கம்பெனியை வாங்குவதற்கும் வேண்டிய ஆள்பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்செல் மாதிரி ஒன்றுதான், ஒப்பந்தப் பத்திரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், விழித்திருக்கும் இரவுகளும் ஒன்றுதான்.

ஆண்ட்ரூ மெட்ரிக், அயாகோ யசூதா ஆகிய இரண்டு பொருளியல் அறிஞர்கள் 238 ஃபண்டுகளின் ஒப்பந்த விதிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிப்படையான ஒன்று. ஃபண்ட் நடத்துபவர்கள் எதிர்பார்க்கக்கூடிய வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கிடைக்கும் நிலையான வருமானம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வெற்றி பெற்ற பைஅவுட் (கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கி விற்கும்) ஃபண்ட் நடத்துநர்கள் அடுத்தடுத்த ஃபண்டுகளைப் பெரிதாக்கி, ஊழியர் ஒருவருக்கு வரும் வருமானத்தை உயர்த்திக்கொள்கிறார்கள் என்பது அதே கட்டுரையின் இன்னொரு முடிவு. ஆக, சிறிய ஃபண்டில் சம்பளம் குறைவது அங்கே வருபவர் திறமை குறைந்தவர் என்பதால் அல்ல. பெரும்பாலும் பார்ட்னர் கருமி என்பதாலும் அல்ல. அளவு சிறியது, அதனால் தலைக்கு வரும் கட்டணம் சிறியது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய ஃபண்டின் சம்பளத்தை மேற்கோள் காட்டிப் பேரம் பேசும் இளையவர் சுவரோடு பேசுகிறார்.

பார்ட்னர்களின் பக்கத்திலும் ஒரு நெருக்கடி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். ஃபண்டில் அவர்களும் சொந்தப் பணம் போட வேண்டும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். 20 கோடியில் 2 சதவீதம் என்றால் 40 இலட்சம் டாலர், மூவர் பங்கிட்டுப் போட வேண்டியது. முதல் ஃபண்டைத் திரட்ட ஓராண்டோ இரண்டாண்டோ சம்பளமே இல்லாமல் அலைந்தவர்களும் இவர்களில் உண்டு. பெட்டியில் இருக்கும் பணத்தை அவர்கள் இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு நெருக்கடி காலத்தோடு வருகிறது. முதல் ஐந்தாண்டு, முதலீட்டுக் காலம். அப்போது கட்டணம், ஒப்புக்கொண்ட முழுத் தொகையின் மீது. அதற்குப் பிறகு பெரும்பாலான ஒப்பந்தங்களில் கட்டணம், இன்னும் விற்காமல் கையில் இருக்கும் முதலீட்டின் மீது மட்டும். ஒரு கம்பெனியை நல்ல லாபத்தில் விற்றால் கொண்டாட்டம், ஆனால் அடுத்த காலாண்டில் கட்டணம் குறையும். அடுத்த ஃபண்டைத் திரட்டினால்தான் பெட்டி மறுபடி நிறையும். 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மைய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்குப் போனது. கடன் விலையேறியதும் கம்பெனி விற்பனைகள் தள்ளிப்போயின. விற்பனை இல்லாததால் முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்பவில்லை, பணம் திரும்பாதவர்கள் புதிய ஃபண்டில் கையெழுத்திடவில்லை. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவர் இளையவர். போனஸ் குறைவதும், காலியான இடத்தை நிரப்பாமல் இருவர் வேலையை ஒருவர் தலையில் போடுவதும் அங்கேதான் நடக்கும். எனவே சிறிய ஃபண்டில் சேரப்போகிறவர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இப்போதைய ஃபண்ட் எந்த ஆண்டில் திரட்டப்பட்டது, அடுத்தது எப்போது? இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஃபண்டில் சேர்வதும் ஏழாம் ஆண்டில் இருக்கும் ஃபண்டில் சேர்வதும் இரண்டு வேறு வேலைகள்.

வாங்கிய கம்பெனிகளிடமே ஒப்பந்தக் கட்டணம், மேற்பார்வைக் கட்டணம் என்று வசூலிக்கும் பழக்கமும் உண்டு. இப்படி வருவதை நிர்வாகக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இழுபறி. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசியின் சோதனைப் பிரிவுத் தலைவர் ஆண்ட்ரூ போடன் 2014-இல் ஓர் உரையில், கட்டணங்களையும் செலவுகளையும் ஆராய்ந்த சோதனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் விதிமீறலோ பெரிய குறைபாடோ கண்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு, நிறைவேறாத ஒப்பந்தங்களின் செலவை முறையின்றிச் சுமத்திய வழக்கில் கேகேஆர் சுமார் 3 கோடி டாலரும், மேற்பார்வைக் கட்டணங்களை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட வழக்கில் பிளாக்ஸ்டோன் நிறுவனம் சுமார் 3.9 கோடி டாலரும் கட்டின. பிடிபட்டவை பெரியவை. ஆனால் இத்தகைய துணைக் கட்டணத்தை நம்பி அலுவலகத்தை ஓட்டும் நிர்ப்பந்தம் சிறிய ஃபண்டுகளுக்குத்தான் அதிகம் என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெரியும். ஃபண்டே இல்லாமல் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டி வாங்கும் சுயேச்சை நடத்துநர்கள் இன்னும் கீழ்ப்படியில் இருக்கிறார்கள். அவர்களிடம் நிர்வாகக் கட்டணமே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் பணம், முடியாவிட்டால் இல்லை. அங்கே சேரும் இளையவரின் சம்பளமும் அப்படித்தான் ஏறி இறங்கும்.

வேலை எப்படி இருக்கும்? இங்கேதான் சிறிய ஃபண்டின் உண்மையான கவர்ச்சி இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் அசோசியேட், ஒரு மாபெரும் ஒப்பந்தத்தின் ஓர் ஓரத்தில், ஓர் எக்செல் தாளுக்குள் அடைந்து கிடக்கலாம். சிறிய ஃபண்டில் ஆள் இல்லை, அதனால் எல்லாமே அவர் கையில். கம்பெனி உரிமையாளர்களைத் தொலைபேசியில் தேடிப் பிடிப்பது, கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவது, கடன் மாதிரியைக் கட்டுவது, வங்கியோடு பேசுவது, தொழிற்சாலைத் தளத்தில் நடந்து சரக்கிருப்பை எண்ணிப் பார்ப்பது, வாங்கிய பிறகு இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தயாரிப்பது என்று எல்லாம் அவருடையது. நாற்பது ஆண்டுகளாகப் பம்பு செய்துவந்த ஒருவர், தன் கம்பெனியை ஏன் விற்கிறார் என்று எதிரே உட்கார்ந்து சொல்லக் கேட்கும் வாய்ப்பு இருபத்தைந்து வயதில் கிடைக்கிறது. எந்த வகுப்பறையிலும் கிடைக்காத கல்வி இது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ஆள் பற்றாக்குறை வேறு வேலைகளையும் அவர் தலையில் கட்டுகிறது. முதலீட்டாளர் அறிக்கை, அலுவலகத்தின் மென்பொருள் புதுப்பிப்பு, பார்ட்னரின் பயண ஏற்பாடு வரை வந்துவிடும். சில ஃபண்டுகளில் அசோசியேட் என்ற பெயரில் எடுத்துவிட்டு, நாள் முழுதும் உரிமையாளர்களுக்கு அழைப்பு விடுக்கும் வேலையை மட்டும் கொடுக்கிறார்கள். அந்த அனுபவம் அடுத்த நிறுவனத்தில் பாதி விலைக்குத்தான் போகும். நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மிகைநேர ஊதியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, நிர்வாகப் பணியில் வாரத்துக்கு 684 டாலரோ அதற்கு மேலோ நிலையான சம்பளமாக வாங்குபவருக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் அது வெறும் 35,568 டாலர். அந்த வரம்பை உயர்த்தி 2024-இல் வந்த விதியை டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. ஆகவே சம்பளத்தை மணியால் வகுத்துப் பார்க்கும் வேலையை இளையவரே செய்துகொள்ள வேண்டும். வாரம் 65 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 3,250 மணி. மொத்தம் 1.25 இலட்சம் டாலர் என்றால் மணிக்கு 38 டாலர். பெரிய ஃபண்டில் வாரம் 80 மணி உழைத்து 3 இலட்சம் வாங்குபவருக்கு மணிக்கு 75. சிறிய ஃபண்டில் நேரம் குறைவு என்ற வாதம் உண்மைதான், ஆனால் இடைவெளியை அது அடைப்பதில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் கேரி என்ற சொல் மேசைக்கு வருகிறது. "ரொக்கம் எங்களால் இவ்வளவுதான் முடியும், ஆனால் நீங்கள் வளர்ந்தால் பங்கு உண்டு" என்ற வாக்கியத்தைக் கேட்காத சிறிய ஃபண்ட் அசோசியேட் அரிது. அந்தப் பங்கின் மதிப்பையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 கோடி டாலர் ஃபண்ட் 40 கோடியாகத் திரும்புகிறது என்று வையுங்கள். லாபம் 20 கோடி, அதில் கேரி 4 கோடி. இளையவருக்கு அதில் அரை சதவீதம் கொடுத்தால் 2 இலட்சம் டாலர். எட்டு ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 25,000. மோசமில்லை, ஆனால் வங்கிச் சம்பளத்துக்கும் சிறிய ஃபண்டின் சம்பளத்துக்கும் உள்ள பள்ளத்தை அது சில ஆண்டுகளுக்கு மட்டுமே நிரப்பும். ஃபண்ட் ஆறு ஆண்டில் 1.4 மடங்குதான் திரும்பியது என்றால்? ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் ஆறு ஆண்டுக்கு 1.59 மடங்கு வர வேண்டும். வரவில்லை, எனவே கேரி சுழியம். எல்லாரும் உழைத்திருக்கிறார்கள், முதலீட்டாளருக்கும் பணம் கூடியிருக்கிறது, பங்கு மட்டும் இல்லை.

பங்கே கூலி என்பது புதிய ஏற்பாடு அல்ல. நம் கரையோரங்களில் விசைப்படகில் போகும் தொழிலாளிக்கும் டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் பங்குதான் வருமானம். ஆனால் அங்கே மீன் விற்றதும் கணக்குப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். இங்கே கணக்கு முடிய எட்டு, பத்து ஆண்டு ஆகும். அதற்குள் அந்த இளையவர் எங்கோ போயிருப்பார். கேரி உரிமை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று படிப்படியாகவே ஒருவருக்குச் சொந்தமாகும், ஐந்தாண்டு வழக்கமான காலம். முழு ஃபண்டின் முதலும் குறைந்தபட்ச லாபமும் திரும்பிய பிறகே கேரி பிரிக்கும் ஒப்பந்தமா, ஒவ்வொரு கம்பெனி விற்கும்போதும் பிரிக்கும் ஒப்பந்தமா என்பதைப் பொறுத்துப் பணம் கைக்கு வரும் ஆண்டும் மாறும். அசோசியேட் பதவியோ பல இடங்களில் இரண்டு, மூன்று ஆண்டு ஏற்பாடு. இரண்டு ஆண்டில் வெளியேறுபவருக்குக் கேரி என்ற சொல் செவிக்கு மட்டுமே உணவு.

வரிச் சட்டம் கேரிக்கு அனுகூலமாக இருக்கிறது என்பதும் உண்மை. லாபத்தில் மட்டும் உரிமை தரும் பங்கைப் பெறும்போது வரி இல்லை என்று அமெரிக்க வருமான வரித்துறை 1993-லேயே நடைமுறை வகுத்துவிட்டது. பிறகு லாபம் வரும்போது அது மூலதன லாபமாகக் கருதப்படும். 2017-இன் வரிச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வைத்திருக்கும் நிபந்தனையைச் சேர்த்தது. அனுகூலம் முழுதாகக் கிடைப்பது உச்ச வரிப் படியில் இருக்கும் பார்ட்னருக்குத்தான். 1.25 இலட்சம் வாங்கும் அசோசியேட்டுக்கு வித்தியாசம் சிறிது. பங்கு கொடுக்கும் நாளில் 83(பி) என்ற படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்யும்படி வழக்கறிஞர்கள் பரிந்துரைப்பார்கள். இளையவருக்கு அதைச் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

பங்கு எப்படிப் பிரிகிறது என்பதைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. ஹார்வர்டின் விக்டோரியா இவாஷினாவும் ஜோஷ் லெர்னரும் 717 பிரைவேட் ஈக்விட்டி கூட்டாண்மைகளின் உள் பங்கீட்டை ஆராய்ந்தார்கள். ஒருவர் முன்பு எவ்வளவு நன்றாக முதலீடு செய்தார் என்பதற்கும் அவருக்குக் கிடைக்கும் பங்குக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்தது. நிறுவனரா இல்லையா என்பதே பங்கைத் தீர்மானித்தது. பங்கீட்டில் ஏற்றத்தாழ்வு கூடிய இடங்களில் மூத்த பார்ட்னர்கள் விலகுவதும், அப்படி விலகிய பின் புதிய பணம் திரட்டுவது கடினமாவதும் தெரிந்தன. பெயர்ப்பலகையில் பெயர் போடாத பார்ட்னருக்கே இந்த நிலை என்றால், வாய்மொழி உறுதியோடு உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது அசோசியேட் எங்கே நிற்கிறார் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த ஆய்வு இளையவர்களைப் பற்றியதல்ல, ஆனால் எச்சரிக்கை அவர்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

பேரம் பேசும் வலு ஏன் இவர்களிடம் இல்லை? ஆள் எடுக்கும் நாட்காட்டி அதற்கு ஒரு காரணம். பெரிய நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்குப் பின் சேர வேண்டியவர்களை, அவர்கள் வங்கியில் காலடி வைத்த சில வாரங்களிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, தேர்ந்தெடுத்து வந்தன. 2025 ஜூனில் ஜேபி மார்கன் வங்கி, சேர்ந்த 18 மாதங்களுக்குள் வேறு இடத்தில் எதிர்கால வேலையை ஏற்றுக்கொள்ளும் அனலிஸ்ட்டுகளை நீக்குவதாக எச்சரித்த பிறகே அப்பல்லோ போன்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் அந்த ஆண்டுத் தேர்வை நிறுத்திவைத்தன. சிறிய ஃபண்டுகள் இந்த ஓட்டத்தில் கலந்துகொள்வதில்லை. ஒருவர் விலகினால் ஒருவரை எடுக்கின்றன, உடனே சேரக்கூடியவரைத் தேடுகின்றன. அந்த நேரத்தில் கிடைப்பவர் முதல் ஓட்டத்தில் இடம் கிடைக்காதவர், வங்கியின் 95 மணி நேரத்தைத் தாங்க முடியாதவர், அல்லது சொந்த ஊருக்குத் திரும்ப நினைப்பவர். மூவருக்கும் அவசரம் இருக்கிறது, அவசரம் இருப்பவரால் பேரம் பேச முடியாது. அவருக்குச் சந்தை விலையும் தெரியாது. பெரிய ஃபண்டின் சம்பளம் ஊரறிந்தது, பத்துப் பேர் உள்ள ஃபண்டின் சம்பளம் அந்தப் பத்துப் பேருக்கே முழுதாகத் தெரியாது.

இருட்டு முழுமையானதல்ல. நியூயார்க் நகரம் 2017 அக்டோபர் இறுதியிலிருந்து, விண்ணப்பதாரரின் பழைய சம்பளத்தை முதலாளி கேட்பதைத் தடை செய்திருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ வைத்திருக்கும் முதலாளி வேலை அறிவிப்பில் சம்பள வரம்பைப் போட வேண்டும். மிகச் சிறிய ஃபண்டும் இதற்குள் வந்துவிடுகிறது. இன்னொரு சாளரம் எஸ்இசியிடம் இருக்கிறது. தனியார் நிதியங்களில் 15 கோடி டாலரும் அதற்கு மேலும் நிர்வகிப்பவர்கள் பதிவு செய்து, ஃபார்ம் ஏடிவி என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நிர்வகிக்கும் மொத்தத் தொகை, ஊழியர் எண்ணிக்கை, அவர்களில் முதலீட்டுப் பணி செய்பவர் எத்தனை பேர், கட்டணம் எப்படி என்பதெல்லாம் அதிலும் அதனோடு வரும் விளக்க ஏட்டிலும் இருக்கும். தொகையைக் கட்டண விகிதத்தால் பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மேலே நான் போட்ட கணக்கு பத்து நிமிடத்தில் கையில் வந்துவிடும். 15 கோடிக்குக் கீழே இருப்பவர்கள் சுருக்க வடிவத்தையே தாக்கல் செய்கிறார்கள், அதில் ஊழியர் எண்ணிக்கை இல்லை. 1958-இன் சிறுதொழில் முதலீட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற நிதியங்களை மட்டும் நடத்துபவர்கள் அதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. விவரம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் விவரம் மறைகிறது.

சிறிய ஃபண்டால் பெரிய ஃபண்டின் ரொக்கத்தைக் கொடுக்க முடியாது. அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. ஆனால் எழுதிக் கொடுப்பதற்குச் செலவு இல்லை. பங்கு உண்டு என்றால் எத்தனை சதவீதம், எந்த ஃபண்டில், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை ஆண்டில் சொந்தமாகும், விலகினால் என்ன மிஞ்சும் என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பங்கு கிடையாது என்றால் அதையும் நேராகச் சொல்லலாம். அப்போது இளையவர் குறைந்த சம்பளத்தை அனுபவத்துக்கான விலை என்று தெரிந்தே ஏற்றுக்கொள்வார், அல்லது வேறு இடம் பார்ப்பார். எழுத மறுத்துவிட்டு நம்பச் சொல்லும் ஃபண்டில் சேராமல் இருப்பதே நல்லது. அமெரிக்க நிதித்துறையில் காலடி வைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். கேட்டதற்காக வாய்ப்பு போனால், போன வாய்ப்பின் தரம் அதிலேயே தெரிந்துவிட்டது.

சட்டத்தாலும் இன்னும் ஓர் அடி வைக்க முடியும். நியூயார்க் நகரச் சட்டம் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே கேட்கிறது. போனஸ் பற்றியோ பங்கு பற்றியோ முதலாளி வாய் திறக்க வேண்டியதில்லை. வருமானத்தில் பெரும் பகுதி அந்த இரண்டிலும் இருப்பதாகச் சொல்லி ஆள் எடுக்கும் ஒரு தொழிலில் இது பாதி உண்மையை மட்டும் வெளியிடுவதாகும். கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல், சம்பள வரம்போடு போனஸ், கமிஷன், பிற ஊதியம், சலுகைகள் பற்றிய பொது விளக்கத்தையும் வேலை அறிவிப்பிலேயே கொடுக்கச் சொல்கிறது. நியூயார்க் அதைப் பின்பற்ற வேண்டும்.